ரிக்‌ஷாவில் இருந்து விழுந்த சொல்

ரிக்‌ஷா என்ற சொல்லுக்குள் முதலில் மூன்று சொற்கள் இருந்தன. யப்பானிய மொழியில் 'ஜின்' என்றால் மனிதர். 'ரிகி' என்றால் பலம். 'ஷா' என்றால் வண்டி. மூன்றையும் சேர்த்தால் ஜின்ரிகிஷா, மனித பலத்தில் ஓடுகிற வண்டி. பெயர் வைத்த ஆக்கள் எதையும் ஒளிக்கவில்லை. குதிரை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மனுசனை நிறுத்தியிருக்கிறோம் என்பதை பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்துக்குப் போனபோது இந்தச் சொல் ஆரம்பத்தில் முழுசாகத்தான் போனது. பழைய ஆங்கிலப் பயணக் குறிப்புகளில் 'ஜின்ரிக்‌ஷா' என்றே இருக்கும். பிறகு, வாய்க்கு நீளமாக இருந்ததோ என்னவோ, முன்பக்கத்தை வெட்டிவிட்டார்கள். இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஒம்னிபஸ் பஸ் ஆனதும், டெலிபோன் போன் ஆனதும் இப்படித்தான். சொல்லை வெட்டுகிறவர்கள் அர்த்தம் பார்த்து வெட்டுவதில்லை. ஆனால் இந்த இடத்தில் வெட்டுப்பட்டு விழுந்தது 'ஜின்'. மிச்சம் இருந்தது பலமும் வண்டியும். எங்களிடம் வந்து சேர்ந்த சொல்லில் மனுசர் இல்லை.

நான் கலைப்பீடத்தில் படிக்கிறேன். ஒரு சொல்லின் வேரைத் தேடிப் போய் இரவு இரண்டு மணி வரைக்கும் இருக்கிற வருத்தம் எனக்கு இருக்கு. ஆனால் இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் படிப்பு இல்லை. என்னுடைய அப்பா கிளிநொச்சியில் ஓட்டோ ஓடுகிறார்.

ஓட்டோவும் அதே குடும்பத்துச் சொல்தான். முதலில் ஓட்டோ ரிக்‌ஷா. இந்தியாவில் கடதாசிகளில் இன்னும் அப்படி எழுதுகிறார்கள். எங்கட பக்கத்தில் 'ரிக்‌ஷா' எப்பவோ கழன்று போய்விட்டது. சிங்கள ஆக்கள் 'த்ரீ வீல்' என்று சில்லை எண்ணுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் தாய்லாந்தில் பழகிய 'டுக் டுக்' என்ற சத்தத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அரசாங்கக் கடிதத்தில் முச்சக்கர வண்டி. நாங்கள் ஓட்டோ. 'ஆட்டோ' என்று சொன்னால் படம் பார்த்துப் பழுதாப் போன பிள்ளை என்று அம்மம்மா சொல்லுவா. ஓட்டோ என்று சொல்லும்போது ஓட்டுகிறவரும் அதற்குள் இருக்கிற மாதிரிக் கேட்கும். ஆனால் அது காது செய்கிற கற்பனை. 'ஓட்டோ' கிரேக்கத்தில் இருந்து வந்தது. அர்த்தம் 'தான்', 'தானாக'. அதாவது முதல் வெட்டில் மனுசர் போனார், இரண்டாவது வெட்டில் வண்டி போனது, கடைசியில் எங்கள் கையில் நிற்கிறது 'தானாக' என்ற ஒரு சொல். காலமை ஐந்தரைக்கு எழும்பி, சில்லுக்குக் காற்றுப் பார்த்து, பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வெளிக்கிடுகிற ஒருவருடைய வண்டிக்குப் பெயர் 'தானாக'.

உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். 'ஓட்டோ', 'ஓட்டோ 2', 'ஓட்டோ ஆசுபத்திரியடி', 'ஓட்டோ அண்ணை' என்று எத்தனை நம்பர் இருக்கும்? எத்தனை பேரின் பெயர் தெரியும்? இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என்னுடைய போனிலும் யாழ்ப்பாணத்தில் 'ஓட்டோ கம்பஸ்' என்று ஒருவர் இருக்கிறார். றோட்டில் நின்று "ஓட்டோ!" என்று கூப்பிட்டால் வண்டியா திரும்பிப் பார்க்கிறது? அப்பாவின் காது இருபது யார் தூரத்தில் இருந்தும் அந்தச் சொல்லுக்குத் திரும்பும். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு தரம் கூப்பிட வேண்டும்.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1870இல் டோக்கியோவில் இசுமி யோசுகே என்பவரும் வேறு இரண்டு பேரும் இதைச் செய்து ஓட அனுமதி வாங்கினார்கள். கண்டுபிடித்தது யார் என்பதில் சண்டை இருக்கு, ஒரு அமெரிக்கப் பாதிரியாரின் பெயரும் அடிபடுகிறது. அதற்கு முதல் அங்கே ஆக்களைக் காவியது 'காகோ' என்கிற பல்லக்கு. ஒருவர் ஏற, இரண்டு பேர் தோளில் காவ வேண்டும். ரிக்‌ஷா வந்ததும் அதே வேலையை ஒருவர் செய்தார், அதுவும் இன்னும் வேகமாக. அந்த நேரத்தில் அது முன்னேற்றம். இன்றைக்கு எங்களுக்கு அநியாயமாகத் தெரிகிற ஒன்று, வந்த காலத்தில் ஒரு சோடித் தோள்களுக்கு விடுதலையாகத்தான் வந்தது. பத்து வருசத்தில் அது சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. 1880களில் கொழும்புக்கும் வந்தது.

கொழும்பில் இழுத்தது யார்? பெரும்பாலும் தென்னிந்தியாவில் இருந்து வந்த தமிழர்கள். தேயிலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றி நாங்கள் கொஞ்சமாவது படிக்கிறோம். துறைமுகத்திலும் கோட்டைத் தெருக்களிலும் வெறுங்காலோடு ஓடியவர்களைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி படித்த ஞாபகம் எனக்கு இல்லை. பழைய தபால் அட்டைகளில் அவர்கள் இருக்கிறார்கள். தலைப்பாகை, மெலிந்த கால், பின்னால் தொப்பி போட்ட ஒரு துரை. கீழே ஆங்கிலத்தில் 'ரிக்‌ஷா கூலி' என்று அச்சடித்திருக்கும்.

அந்த 'கூலி'யில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுக்கிற காசு. ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் ஆள். அது எங்கள் சொல்லில் இருந்து போனது என்று ஒரு கருத்து, குஜராத்துப் பக்கத்துக் 'கோலி' என்ற சமூகப் பெயரில் இருந்து போனது என்று இன்னொரு கருத்து. எங்கிருந்து போயிருந்தாலும் அதைக் கேட்கிற தமிழ்க் காதுக்கு விசயம் ஒன்றுதான். யப்பானியச் சொல்லில் இருந்து மனுசரை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் அவருடைய சம்பளத்தைக் கொண்டுவந்து வைத்த மாதிரி.

தமிழிலும் நாங்கள் ஒரு வேலை செய்தோம். 'காரன்' போட்டோம். ரிக்‌ஷாக்காரன், ஓட்டோக்காரன். ஏறி இருக்கிறவர் 'ஐயா', ஓடுகிறவர் 'காரன்'. எங்கட ஊரில் அப்பாவின் வயதுக்காக 'ஓட்டோக்காரர்' என்பார்கள், 'ஓட்டோ அண்ணை' என்பார்கள். ஆனால் காசுக்கு வாய்த்தர்க்கம் வந்தால் அந்த 'ர்' ஒரு நிமிசத்தில் 'ன்' ஆகிவிடும். 1971இல் எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்காரன்' என்று ஒரு படம் நடித்தார், அதற்குத்தான் அவருக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. அந்த 'காரன்' யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர் எம்.ஜி.ஆர்.!

ரிக்‌ஷாவைப் பற்றி எழுதினவர்கள் பலரும் எழுதினது ஏறி இருக்கிறவரின் கூச்சத்தைப் பற்றி. காந்தியும் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1897இல் டர்பனில் ஒரு வெள்ளையர் கூட்டம் அவரை அடிக்க வருகிறது, கூட வந்தவர் தப்பிப் போக ரிக்‌ஷா ஒன்றைக் கூப்பிடுகிறார். மனுசன் இழுக்கிற வண்டியில் ஏறுவது காந்திக்குப் பிடிக்காது, ஆனாலும் அன்றைக்கு ஏறத்தான் போகிறார். அதற்குள் கூட்டம் வெருட்ட, இழுக்க வந்தவர் ஓடிப் போய்விடுகிறார். இந்தக் கதையை வாசித்தபோது நான் ஓடிப் போனவரைத்தான் யோசித்தேன். காந்தி அன்றைக்கு அடி வாங்கினதை எல்லாரும் படித்தார்கள். மற்றவருக்கு அன்றைய உழைப்பு போனது.

கூச்சம் நல்லதுதான். ஆனால் கூச்சத்துக்கு இரண்டு வழியாலும் போகலாம். தமிழ்நாட்டில் 1973இல் கருணாநிதி அரசு கையால் இழுக்கிற ரிக்‌ஷாவை ஒழித்தபோது, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. கல்கத்தாவில் 2006இல் கைரிக்‌ஷாவை நிறுத்துகிறதுக்கு மேற்கு வங்கச் சட்டசபை சட்டத்தைத் திருத்தியது. மனிதத்தன்மை இல்லாத வேலை என்பதுதான் சொன்ன காரணம். எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? இழுத்தவர்கள். பீகாரில் இருந்து வந்து தெருவோரம் படுத்து, ஊருக்குக் காசு அனுப்புகிறவர்கள். இதை நிறுத்தினால் அடுத்த மாசம் என்னத்தை அனுப்புவது என்பது அவர்களின் கேள்வி. அதற்குப் பிறகும் அங்கே கைரிக்‌ஷா ஓடியது. மழை வெள்ளத்தில் காரும் ஓட்டோவும் நின்று போகிற தெருவில் ரிக்‌ஷா மட்டும் போகும். என் கருத்து இதுதான்: ஒருவரை இழிவான வேலையில் இருந்து மீட்கப் போகிறவர், கையில் அடுத்த வேலையோடு போக வேண்டும். வெறுங்கையோடு போனால் மீட்கிறது தன்னுடைய கண்ணை மட்டும்தான்.

இன்னொரு பக்கம், யப்பானில் இன்றைக்கும் ரிக்‌ஷா ஓடுகிறது. டோக்கியோவின் அசகுசாவில், கியோட்டோவில், சுற்றுலாப் பயணிகளுக்காக. இழுக்கிறவர்களில் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சிரித்துக் கதை சொல்லி இழுக்கிறார்கள். அதை ஒருவரும் இழிவு என்று சொல்வதில்லை. அதே வண்டி, அதே கால்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போக முடிகிறவர் இழுக்கும்போது அது உடற்பயிற்சி மாதிரி ஆகிவிடுகிறது.

விட்டுவிட்டுப் போக முடியாமல் பிடித்து வைத்திருந்தது எது? கூடுதலான இடங்களில் வாடகை. சிங்கப்பூரிலோ கல்கத்தாவிலோ இழுத்தவருக்கு வண்டி சொந்தம் இல்லை. காலமை வண்டியை எடுத்தால் முதலில் முதலாளியின் நாள் வாடகைக்கு ஓட வேண்டும், அதற்குப் பிறகு ஓடினால்தான் சாப்பாடு. மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் வாடகை வாடகைதான்.

வாடகை என்ற இடத்தில் 'லீசிங்' என்று போட்டு வாசித்துப் பாருங்கள். எங்கட வீட்டுக் கதை.

அப்பா முதலில் வன்னியில் லாண்ட்மாஸ்டர் ஓடினவர். நெல்லும் மணலும் ஏற்றுவார், கலியாணம் செத்தவீட்டுக்கு ஆக்களையும் ஏற்றுவார். அது 2009இல் போய்விட்டது. எங்கே விட்டுவிட்டு வந்தார் என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தை அவர் அதிகம் கதைப்பதில்லை. முகாம், பிறகு மீள்குடியேற்றம், பிறகு கொஞ்சக் காலம் மேசன் வேலைக்குக் கூடப் போனார். 2014இல் லீசிங்கில் ஒரு பச்சை பஜாஜ் எடுத்தார். அறுபது தவணை. மாசத்தில் பத்தாம் திகதி எங்கட வீட்டுக் கலண்டரில் சிவப்பு இல்லாத சிவப்பு நாள். ஒன்பதாம் திகதி இரவு அம்மாவும் அப்பாவும் மெதுவாகக் கதைப்பார்கள், நான் நித்திரை மாதிரிக் கிடப்பேன். ஒருதரம் இரண்டு தவணை பிந்தி, வீட்டுக்கு ஆக்கள் வந்து வாசலில் நின்றார்கள். வண்டியைத் தூக்கவில்லை. அம்மாவின் காப்பு அடைவுக்குப் போனது. எங்கட ஒழுங்கையிலேயே இரண்டு பேருடைய ஓட்டோவைத் தூக்கியிருக்கிறார்கள். 2019இல் தவணை முடிந்து வண்டியின் புத்தகம் கைக்கு வந்த அன்றைக்கு, அப்பா அதைச் சாமித்தட்டில் வைத்தார். நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட கடிதமும் பிறகு அதற்குப் பக்கத்தில்தான் போனது.

சும்மா ஒரு தகவல்: அந்தப் பச்சை வண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் உடம்பில் ஒரு உறவும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரைச் செய்தது, அதையே மூன்று சில்லில் செய்து 'ஆப்பே' என்று பெயர் வைத்தது. வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. இந்தியாவில் பஜாஜ் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிச் செய்யத் தொடங்கியது, பிறகு அது எங்கள் நாட்டுக்கு வந்து இன்றைக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் பதிவாகியிருக்கு. உடம்பு இத்தாலி, பிறப்பு இந்தியா, பெயர் யப்பான். தேனீ என்ற பெயரையே வைத்திருக்கலாம். ஏ9 றோட்டில் அவை கத்துகிற கத்துக்கு அது பொருத்தம்.

2022 வந்தது. அந்த வருசத்தைப் பற்றி எல்லாருக்கும் ஒரு கதை இருக்கு, அதனால் நீட்டவில்லை. யூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அந்த விலைக்கும் இல்லை. வகுப்பு ஒன்லைனில் நடந்ததால் நான் வீட்டில் நின்றேன். அப்பா செட்டில் கியூவில் நின்றார். மூன்று பகல், இரண்டு இரவு. நான் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போவேன். கியூ கரடிப்போக்குச் சந்திப் பக்கம் வளைந்து கிடந்தது. ஓட்டோவுக்குள் கால் நீட்ட ஏலாது, பின் சீற்றில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பார். "இது எங்களுக்குப் புதுசே பிள்ளை? தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில ஓடினனாங்கள்" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பாசலைத் திறப்பார்.

அங்கேதான் நான் அதைக் கண்டேன். கியூ நாலு அடி நகரும்போது ஒருவரும் வண்டியை ஸ்டாட் பண்ணுவதில்லை. மிச்சம் இருக்கிற துளிப் பெற்றோல் அதற்குக் கூடாது. எல்லாரும் இறங்கி, ஒரு கையால் ஹான்டிலைப் பிடித்து, தோளைச் சட்டத்தில் கொடுத்துத் தள்ளுவார்கள். எண்பது, நூறு ஓட்டோ. நாலு அடி. நிற்கும். பிறகு நாலு அடி. அந்த நேரம் எனக்கு இந்தச் சொல்லின் வேர் தெரியாது. இரண்டு வருசம் கழித்து ஜின்ரிகிஷா என்று முதல் தரம் வாசித்தபோது எனக்கு யப்பான் ஞாபகம் வரவில்லை. வெறும் பனியனோடு, கழுத்து நரம்பு தெரிய, தன்னுடைய ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போன அப்பாதான் வந்தார். சொல்லில் இருந்து விழுந்த ஆள் றோட்டில் நின்றார்.

யூலைக்குப் பிறகு கியூஆர் வந்து கிழமைக்கு ஐந்து லீற்றர் என்றார்கள். சிக்கனமாக ஓடினாலும் அப்பாவுக்கு அது இரண்டு நாள் ஓட்டம். மிச்சம் ஐந்து நாளும் ஓட்டோ முற்றத்தில் நின்றது. கோழி அதற்குள் முட்டை இட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன லீவுக்கு வீட்டை போனபோது அப்பாவுக்கு ஒரு சீன நாவலின் கதையைச் சொன்னேன். லாவோ ஷெ எழுதியது, 1930களில் வந்தது. பெய்ஜிங்கில் ரிக்‌ஷா இழுக்கிற சியாங்ஸி என்ற ஒரு பெடியன். வாடகை வண்டி வேண்டாம், சொந்த வண்டி வேண்டும் என்று மூன்று வருசம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து ஒன்று வாங்குகிறான். அப்பா ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பிறகு?"

"பட்டாளம் ஆளையும் பிடிச்சு வண்டியையும் பறிச்சிட்டுது."

துடைக்கிறதை நிற்பாட்டவில்லை. "பிறகு வாங்கினவனோ?"

"வாங்கினவன். மனுசியின்ர காசில. பிறகு மனுசி பிள்ளைப்பேறில செத்துப்போக, செத்தவீட்டுச் செலவுக்கு அதை வித்திட்டான்."

அப்பா துணியைப் பிழிந்து ஹான்டிலில் காயப்போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எவ்வளவுக்கு வித்தவனாம்?" என்று கேட்டார். எனக்குக் கணக்கு ஞாபகம் இல்லை, புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுறன் என்றேன். அதற்குள் போன் அடித்தது. சந்தையடியில் இருந்து ஆசுபத்திரிக்கு ஒரு ஹயர். "பாத்துச் சொல்லு என்ன" என்றுவிட்டு ஓட்டோவை ஸ்டாட் பண்ணினார்.